ஸ்கோர் ஷீட்டில் பெயர் ஏறாதவர்களுக்கு

நம் கூடைப்பந்து அணித் தம்பிகளுக்கும், இந்த சீசன் முழுக்க நம்மோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அரையிறுதியோடு நம் சீசன் முடிந்தது. அதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் கை கொடுக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, விதிப்புத்தகத்தைப் பாருங்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி முதல் பாதியில் 2 டைம் அவுட், இரண்டாம் பாதியில் 3, ஒவ்வொன்றும் 1 நிமிடம். இடைவேளைகளை விட்டுவிட்டால், ஆட்டத்தை நிறுத்தி வைத்து நான் பேசக் கிடைப்பது மொத்தமே 5 நிமிடம். மற்றபடி கோட்டோரம் நின்று கத்துவது பாதிப் பேர் காதில் விழாது. விழுவதற்குள் பந்து அந்தப் பக்கம் போயிருக்கும்.

முதல் நன்றி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் எதிரணியாக ஆடியவர்கள் நீங்கள்தான். எதிரணியின் செட்டுகளை, அதாவது அவர்கள் திட்டமிட்டு ஆடும் நகர்வுகளை, மனப்பாடம் செய்தீர்கள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் அவர்களின் பாயின்ட் கார்டு இடது பக்கமே போவான் என்றால் நீங்களும் இடது பக்கமே போனீர்கள். உங்கள் சொந்த ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு இன்னொருவனாக ஆடுவது சின்ன விஷயமா? காலிறுதியில் கடைசி நேரத்தில் பறித்த பந்து ஒருவன் பெயரில் ஸ்டீலாக ஏறியது. அந்தப் பாஸ் எங்கே வரும் என்று முந்தின நாள் மாலையே அவனுக்குக் காட்டிக்கொடுத்தது நீங்கள். "கோச், என்னை எப்போ இறக்குவீங்க?" என்று உங்களில் சிலர் கேட்டதும் நினைவிருக்கிறது. கேட்க வேண்டியதுதான். கேட்காதவனைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

வட கரோலினா பல்கலைக்கழக அணிக்கு 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித், கூடை போட்டவன் பாஸ் கொடுத்தவனை நோக்கி விரல் நீட்ட வேண்டும் என்று தன் ஆட்டக்காரர்களைப் பழக்கினார். நம் அணியிலும் அது கட்டாயம். ஆனால் அந்தப் பாஸாவது அசிஸ்ட் என்று கணக்கில் ஏறிவிடுகிறது. ஸ்கிரீன் போட்டு, அதாவது எதிராளியின் வழியை மறித்து அசையாமல் நின்று, நெஞ்சில் இடி வாங்கியவனுக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டமே கிடையாது. பாக்ஸ் அவுட் செய்து எதிராளியை முதுகால் தடுத்து, தான் பந்தைத் தொடாமலே ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) இன்னொருவனுக்கு விட்டவனுக்கும் கிடையாது. நம் சென்டர் சீசன் முழுக்க அதைத்தான் செய்தான். தம்பி, உனக்கும் சேர்த்து எல்லோரும் விரல் நீட்டுகிறோம்.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. மரத்தரையில் எந்தப் பலகையில் பந்து சரியாக எழும்பாது என்பதைக் குதிகாலால் தட்டியே சொல்லிவிடுவார். வியர்வை சொட்டிய இடத்துக்கு ரெஃப்ரி கை காட்டுவதற்கு முன்பே துடைப்பானோடு நிற்பார். இந்த முறை கணுக்கால் சுளுக்கு குறைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பிசியோதெரபிஸ்ட் அக்காவுக்கும்தான். முட்டித் தசைநார் அறுவை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த நம் கார்டு ஆட்டக்காரனை அரையிறுதியில் சில நிமிடமாவது இறக்கலாமா என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. அவனை ஒற்றைக் காலில் குதிக்கவிட்டு எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. பேச்சு முடிந்தது. தோற்றோம்தான், ஆனால் அவன் அடுத்த வருடம் ஓடுவான்.

ஸ்கோரர் மேசையில் இருந்த மாணவிகளே, பந்து வளையத்தில் பட்டு, தாக்குகிற அணியிடமே திரும்பினால் ஷாட் கிளாக் (கூடையை நோக்கி எறிய மிச்சமிருக்கும் நேரம்) 14 விநாடி, எதிரணி பிடித்தால் 24. இதை முடிவு செய்ய உங்களுக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். சரியாகச் செய்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தவறினால் அரங்கமே திரும்புகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நன்றி. ரெஃப்ரிகளுக்கும் நன்றி (எல்லா விசிலுக்கும் அல்ல).

என் தொழிலைப் பற்றியும் கொஞ்சம். பந்து உள்ளே விழுந்தால் கோச் மேதை; வளையத்தைச் சுற்றி வெளியே வந்தால் கோச்சுக்கு ஒன்றும் தெரியாது. 1891-ல் இந்த ஆட்டத்தையே உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கன்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக 55 ஆட்டங்களில் வென்று 60-ல் தோற்றார். படைத்தவருக்கே அந்தக் கதி! அதனால்தான் உடற்கல்வித் துறைத் தலைவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். போன சீசனில் தோற்றுக்கொண்டே இருந்தபோது, வெளியிலிருந்து உயரமான ஆட்களைக் கொண்டுவரச் சொல்லாமல், இருக்கிற பையன்களை வளர்க்க விட்டார். பொறுமையாக இருந்த பெற்றோருக்கும் நன்றி.

கடைசி வருடத் தம்பிகள் போகும் முன் என்னை வந்து பார்க்கவும். மற்றவர்கள் விடுமுறையில் இடது கை லே-அப் (வளையத்தை ஒட்டி ஓடிவந்து போடும் ஷாட்) பயிற்சியை விடாதீர்கள். ஜெர்சிகளைத் துவைத்து ஒப்படையுங்கள். 9-ஆம் எண் இன்னும் வந்து சேரவில்லை.

அன்புடன்,
உங்கள் கோச்