உலக வாலிபால் போட்டி: அரூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

காவேரிப்பட்டணம்,
அக்டோபர் 2025.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு வர இயலாமல் போனதில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம்தான். தீபாவளி கழிந்ததும் அரூருக்கு வந்து குழந்தையைப் பார்த்துவிடுகிறோம். குடும்பச் செய்திகளை அப்போது நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் முழுவதும் பிலிப்பைன்சில் நடந்து முடிந்த ஆடவர் உலக வாலிபால் சாம்பியன்ஷிப்பைப் பற்றியதுதான், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு உன்னைப் போல் ஓர் ஆள் இல்லை.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவுதான் துபாயில் ஆசியக் கோப்பை கிரிக்கெட் இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதவிருந்தன என்பதால், ஊர் முழுவதும் அதைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. டீக்கடையில் “மணிலாவில் இத்தாலிக்கும் பல்கேரியாவுக்கும் ஃபைனல்” என்று நான் சொன்னபோது, “கால்பந்தா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். பையன்களைக் குறை சொல்லவில்லை. இந்திய அணி இல்லாத போட்டியை இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்!

முதன்முறையாக 32 நாடுகள் கலந்துகொண்ட உலகப் போட்டி இது. இத்தனை அணிகளைச் சேர்த்தால் ஆட்டத்தின் தரம் நீர்த்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடந்ததோ வேறு. டோக்கியோவிலும் பாரிசிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரான்சு, பின்லாந்திடமும் அர்ஜென்டினாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. பிரேசிலுக்கும் ஜப்பானுக்கும் அதே கதிதான். போட்டியை நடத்திய பிலிப்பைன்சு, ஆப்பிரிக்காவின் பெரிய அணியான எகிப்தை வென்றது. கோப்பையைத் தக்கவைத்துக்கொண்ட இத்தாலிகூட முதல் சுற்றில் பெல்ஜியத்திடம் ஐந்து செட் ஆடித் தோற்ற அணிதான். பிறகு அதே பெல்ஜியத்தைக் காலிறுதியில் நேர் செட்களில் வீழ்த்திக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

ஆனால் உன்னிடம் நான் சொல்ல வந்தது பல்கேரியாவைப் பற்றி, அதிலும் அடிக்கிறவர்களுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் அந்த அணியின் செட்டரைப் பற்றி. சிமியோன் நிகோலோவ் என்று பெயர், பதினெட்டு வயது. உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். அவனுடைய அண்ணன் அலெக்சாண்டர் அதே அணியில் அடிக்கிற ஆள். அப்பா விளாடிமிர், 2006 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற பல்கேரிய அணியில் ஆடியவர். அண்ணனுக்குத் தம்பி பந்து தூக்கிக் கொடுக்க, அண்ணன் அடிக்க, 1970-இல் சோபியாவில் சொந்த மண்ணில் வெள்ளி வென்ற அந்த நாடு 55 ஆண்டுகள் கழித்து மீண்டும் இறுதிக்கு வந்தது. காலிறுதியில் அமெரிக்காவிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்துவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் வாலிபால் ஆடிய குடும்பம் என்றால் உனக்கும் எனக்கும் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரைச் சேர்ந்த இந்திய வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜின் வீடுதானே நினைவுக்கு வரும்? அவரும் இத்தாலிக்குப் போய் ஆடியவர்தான். 1987-இல் அங்கேயே கார் விபத்தில் இறந்தும் போனார்.

சிமியோனின் கைகளை நீ பார்த்திருக்க வேண்டும். பந்து வலையை ஒட்டி வந்தாலும், மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் தாறுமாறாக வந்தாலும், அவன் எழும்பி நிற்கிற விதத்தில் மாற்றம் இல்லை. மணிக்கட்டு பின்னால் சாய்வதில்லை, தோள் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. பந்து விரல் நுனியை விட்டுக் கிளம்பும் கணம் வரை, நடுவில் போகிறதா, ஓரத்துக்குப் போகிறதா, தலைக்குப் பின்னால் போகிறதா என்று வலையருகே எழும்பித் தடுக்கும் எதிரணியின் பிளாக்கர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஓடினால் ஓர் ஆள்தான் போய்ச் சேர முடியும். அடிக்கிறவனுக்கு எதிரே இரண்டு பேருக்குப் பதிலாக ஒருவன் மட்டும் கை தூக்கி நிற்பான். கைதட்டல் எல்லாம் அடித்தவனுக்குப் போகும். உன்னை விட இதை நன்றாக அறிந்தவர் யார்? நம் அணியில் நீ தூக்கிக் கொடுத்த பந்துகளை அடித்துத்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் மாலை வாங்கிக்கொண்டேன். உனக்கு ஒரு துண்டு போர்த்தியதாகக்கூட எனக்கு நினைவில்லை.

இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு செட்களை இத்தாலி 25-21, 25-17 என்று எடுத்தது. மூன்றாவதைப் பல்கேரியா 25-17 என்று திருப்பிக் கொடுத்தபோது, அமெரிக்காவுக்கு நடந்தது இத்தாலிக்கும் நடக்கும் என்றே எண்ணினேன். ஆனால் நான்காவது செட்டை இத்தாலி 25-10 என்று எடுத்து ஆட்டத்தை முடித்தது. உலக இறுதியில் இப்படி ஒரு கணக்கா என்று நீ கேட்பாய். சர்வீசை வாங்குகிற கை தடுமாறிவிட்டால், எப்பேர்ப்பட்ட செட்டராக இருந்தாலும் என்ன செய்ய முடியும்? இப்போதெல்லாம் எழும்பி அடிக்கிற சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 18 மீட்டர் நீள மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பந்து வர அரை வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் பந்தின் போக்கைக் கணித்து, காலை நகர்த்தி, முன்கைகளைச் சேர்த்து, செட்டர் நிற்கும் இடத்துக்கே பந்தை அனுப்ப வேண்டும். அந்த முதல் தொடுகை இரண்டு மீட்டர் தள்ளிப் போனாலும் செட்டர் ஓடிப் பிடித்து ஓரத்துக்கு உயரமாகத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குள் பிளாக்கர்கள் நிதானமாக வந்து சுவர் எழுப்பிவிடுவார்கள்.

இத்தாலி அணியின் தலைவர் சிமோனே ஜியானெல்லியும் செட்டர்தான். பயிற்சியாளர் ஃபெர்டினாண்டோ டி ஜியார்ஜியும் பழைய செட்டர், அதுவும் இந்த ஆட்டத்தின் அளவுக்குக் குள்ளமான செட்டர். ஆட்டக்காரராக 1990, 1994, 1998 ஆகிய மூன்று உலகப் பட்டங்கள். பயிற்சியாளராக 2022-இலும் இப்போதும் இரண்டு. இத்தாலியின் ஐந்து உலகப் பட்டங்களிலும் அந்த ஒரு மனிதரின் கை இருக்கிறது. எதிர்ப்பக்கம் பல்கேரியாவுக்குப் பயிற்சி கொடுத்த பிளெங்கினியும் இத்தாலியர்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இத்தாலி வெள்ளி வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர்.

“நம்மவர்களுக்கு உயரம் போதாது, அதனால்தான் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை” என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். இதில் நான் உன்னோடு உடன்படவில்லை. 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் ஜப்பானை வென்று நாம் வெண்கலம் வாங்கவில்லையா? அதை விடு, அது பழங்கதை. 2023-இல் ஹாங்சோவில், முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற தென்கொரியாவை ஐந்து செட்களில் வென்றோம். முதல் செட் 25-27 என்று கைவிட்டுப் போனது. கடைசி செட் 17-15 என்று வசமானது. அந்த அணிக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவர் நம் தமிழ்நாட்டு முத்துசாமி அப்பாவு. அமித்தும் அஸ்வல் ராயும் அன்று அப்படி அடித்தார்கள் என்றால், அடிக்கத் தோதாகப் பந்து வந்தது என்று பொருள். பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் நேர் செட்களில் தோற்றோம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஜப்பானியர் என்ன நம்மை விட உயரமானவர்களா? முதல் தொடுகையில் அவர்கள் பிழை செய்வதில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் ஸ்மாஷ் அடிக்கத்தான் ஆசை. மாலையில் செம்மண் மைதானத்தில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் வலையருகே வரிசையில் நின்றுவிடுகிறார்கள். ஆளாளுக்குப் பத்து அடி, பிறகு நேரே ஆட்டம். சர்வீஸ் வாங்கிப் பழகுங்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள். வேறு நிறச் சட்டையில் பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ என்ற இடம் 1998-இலேயே விதியில் வந்துவிட்டது. நம் ஊர்ப் போட்டிகளில் இன்னமும் ஆட்டம் வராதவனைத்தான் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். சர்வீஸ் போட்டவர்களுக்கு மட்டுமே புள்ளி என்றிருந்த நம் காலத்தில் ஒரு பந்தை விட்டால் சர்வீஸ் மட்டும்தான் போகும். இப்போது எந்தத் தவறுக்கும் எதிரணிக்குப் புள்ளி. வாங்கத் தெரியாத அணி எப்படித் தாங்கும்?

ஆகையால் ஒரு வேண்டுகோள். தை மாதம் எங்கள் ஊரில் வழக்கம்போல் இரவு ஆட்டங்கள் உண்டு. சுழற்கோப்பையை இந்த முறை கிருஷ்ணகிரிப் பக்கத்து அணி ஒன்று தூக்கிப் போகும் என்கிறார்கள். எங்கள் அணியில் ஒரு பையன் இருக்கிறான், பத்தாம் வகுப்பு. விரல்கள் நீளம், பதற்றம் இல்லை, ஆனால் பந்து போகும் திசையைத் தோளே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடிப்பதை என்னால் சொல்லிக்கொடுக்க முடியும், இதை முடியாது. மார்கழியில் ஒரு வாரமாவது நீ வந்து எங்கள் வீட்டில் தங்கி அவனோடு நிற்க வேண்டும். முழங்கால் வலி என்று காரணம் சொல்லாதே. நாற்காலி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்துகொண்டே சொல்லலாம். மொரப்பூர் வழியாக வருகிறாயா, ஊத்தங்கரை வழியாகவா என்று மட்டும் எழுது, பேருந்து நிலையத்துக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி