கதிருக்கு: அந்த ஃபாரத்தில் இன்ஹேலரை மறைக்காதே

அன்புள்ள கதிர்,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். "மாமா, சின்ன வயசுல இன்ஹேலர் வச்சிருந்தேன்ல, அத தீயணைப்பு வேலைக்கான மெடிக்கல் ஃபாரத்துல எழுதணுமா?" எழுதணும். ஆனால் நீ அதோடு விடமாட்டாய், ஏன் ஏன் என்று குடைவாய், அதனால் உட்கார்ந்தே எழுதுகிறேன். இதே சந்தேகத்தோடு இன்னும் நாலு பிள்ளைகள் இருப்பார்கள் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரை மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் மேலோட்டமான விஷயங்கள். இங்கே சிங்கப்பூரில் தீயணைப்பு என்றால் எஸ்சிடிஎஃப், உள்துறை அமைச்சின் கீழ் வரும் குடிமைத் தற்காப்புப் படை. பாலிடெக்னிக் முடித்ததும் உனக்கு எப்படியும் 2 வருஷம் கட்டாய தேசிய சேவை இருக்கிறது. ராணுவமா, போலீஸா, குடிமைத் தற்காப்பா என்பது உன் கையில் இல்லை. தீயணைப்புப் பக்கம் போட்டால் அங்கேயே சைன் ஆன் செய்யலாம், அதாவது முழுநேர வேலையாகவே சேரலாம். ராணுவத்தில் போட்டாலும் இடிந்து உட்கார்ந்துவிடாதே, முடித்துவிட்டு வந்து விண்ணப்பம் போடலாம், அப்படி வந்தவர்கள் நிறைய. உன் தங்கை அன்றைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாளே, அவளிடமும் சொல், பெண்களும் நேரடியாக விண்ணப்பித்துச் சேரலாம். டிப்ளோமாவோ, நைட்டெக் என்ற தொழிற்கல்விச் சான்றிதழோ வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட் பிரிவில் சேர்கிறார்கள், தண்ணீர்க் குழாயோடு உள்ளே போவது அவர்கள்தான். பட்டதாரிகளை அதிகாரியாக எடுத்து ரோட்டா கமாண்டர், அதாவது ஒரு ஷிப்டுக் குழுவின் தலைவர், பயிற்சிக்கு அனுப்புவார்கள். சம்பளம், சலுகை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் இணையப்பக்கத்திலேயே பார்த்துக்கொள். கோப்பிக்கடையில் கேட்ட கணக்கை நம்பாதே, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

தேர்வில் உடற்திறன், நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. ஐபிபிடி என்ற உடற்திறன் சோதனையில் 100 புள்ளி, புஷ் அப்புக்கு 25, சிட் அப்புக்கு 25, மீதி 50-ம் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு. நீ ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்க்கிறாய், ஆனால் பாதிப் புள்ளி காலில் இருக்கிறது. கையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு ஈசூன் அணைக்கட்டுப் பக்கம் வாரம் மூன்று நாள் ஓடு. நேர்முகத்தில் சினிமா வசனம் பேசாதே. ஏன் இந்த வேலை என்று கேட்டால் உண்மையைச் சொல், சின்ன வயதில் சிவப்பு வண்டி பிடித்தது என்றால் அதையே சொல்.

சரி, இன்ஹேலருக்கு வருகிறேன்.

நான் தீயணைப்பில் தேசிய சேவை செய்தபோது, பிஏபிடி என்று ஒரு சோதனை, மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு செய்வது. உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட், முதுகில் சிலிண்டர் எல்லாம் சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல். படி ஏறு, சுமை தூக்கு, முடிவே இல்லாத ஏணியில் ஏறு என்று எல்லாம் முடிந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில்தான் இருட்டுக் கூண்டுக்குள் தவழ விடுவார்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது. உன் மூச்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்கும்.

அன்றைக்கு எனக்குச் சளி. மூக்கு அடைத்து, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. காலையில் "யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் தள்ளிப்போடுவார்கள், கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான் காரணம். கூண்டுக்குள் பாதியில் எனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வேகமாக இழுக்க இழுக்கக் காற்று வேகமாகத் தீரும், தீருகிறதே என்ற பயத்தில் இன்னும் வேகமாக இழுப்போம். சிலிண்டரில் காற்று குறைந்ததும் ஒரு விசில் அடிக்கும் பார், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. முகமூடியைப் பிய்த்து எறியப் போனேன். எனக்குப் பின்னால் தவழ்ந்து வந்த கூட்டாளி, ஒரு மலாய்ப் பையன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை எண்ணு, எண்ணு" என்று கத்திக்கொண்டே என்னோடு வெளியே வந்தான்.

அவன் சிலிண்டரில் இன்னும் நிறையக் காற்று இருந்தது, கதிர். தனியாகப் போயிருந்தால் சுலபமாக முடித்திருப்பான். என்னால் அவனும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, சாயங்காலம் எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தான், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அது பயிற்சிக் கூண்டு, விளக்கைப் போட்டால் முடிந்தது. நிஜமாகவே பற்றி எரியும் வீவக அடுக்குமாடி வீட்டில், கறுப்புப் புகைக்குள், விளக்குப் போட யார் இருக்கிறார்கள்? அங்கே யாரும் தனியாக உள்ளே போவதில்லை. உன் நுரையீரல் உன் கூட்டாளியின் கணக்கிலும் வருகிறது. அதனால்தான் எழுதச் சொல்கிறேன். உனக்கு வீசிங் வந்து பத்து வருஷம் ஆகிறது, ஒருவேளை ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடலாம், ஒருவேளை வேறு பரிசோதனைக்கு அனுப்பலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீயே டாக்டராகாதே.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 2025 ஏப்ரல் 8, ரிவர் வேலி ரோடு தீ. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தைச் சாத்தி ஏறிப் பிள்ளைகளை இறக்கினார்களே, அவர்களிடம் என்ன மெடிக்கல் ஃபாரம் இருந்தது என்பாய். நானும் அந்தக் காணொளியைப் பத்துத் தடவை பார்த்தவன்தான், கண் கலங்கியவன்தான். ஆனால் அது அவர்கள் அன்றைக்கு ஒரு நாள் செய்தது, கையில் இருந்ததை வைத்துச் செய்தது. நீ கேட்பது மூன்று நாளைக்கு ஒரு நாள், வருஷக்கணக்காகச் செய்யும் வேலை. 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு. அந்த 24 மணி நேரம் தீபாவளி அன்றைக்கும் விழும். நான் ஒரு வருஷம் நிலையத்தில் உட்கார்ந்து உங்கம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைச் சாப்பிட்டேன், ரோட்டாவே சேர்ந்து தீர்த்தது.

அப்புறம், தினமும் தீ இருக்காது. அவசர எண் 995-க்கு வரும் அழைப்பில் பெரும்பங்கு ஆம்புலன்ஸுக்குத்தான். தீயணைப்பாளர்களும் மாரடைப்புக்கு ஓடுகிறார்கள், ரெட் ரைனோ என்ற சின்னத் தீயணைப்பு வண்டியில் போய் நெஞ்சை அழுத்துகிறார்கள். மற்றபடி, அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுத் தூங்கிப்போன பாட்டி, மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட குடும்பம், விரலில் இறுகிப்போன மோதிரம். மோதிரத்தை வெட்டும்போது அந்த ஆன்டி அழுதார், வலியால் இல்லை, அது கல்யாண மோதிரம். நீ டார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழுவில் சேரப்போகிறேன் என்கிறாய், நல்லது, ஆனால் அதற்கு முன் இந்த மாதிரி நிறைய மோதிரம் இருக்கிறது.

உங்கம்மாவைப் பற்றி ஒன்று. அக்கா என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் ஹெண்டர்சன் ரோடு என்கிறாள். 2022 டிசம்பரில் அங்கே தீயை அணைக்கப் போன 19 வயது தேசிய சேவையாளர் ஒருவர் திரும்பி வரவில்லை. அக்காவிடம் அதெல்லாம் நடக்காது என்று சொல்லாதே. நடந்திருக்கிறது, அவளுக்குத் தெரியும். நீ எதையும் மறைக்காமல், டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு போகிறாய் என்று சொன்னால் அவளால் கொஞ்சமாவது தூங்க முடியும். இன்ஹேலரை மறைத்துவிட்டுப் போனால் உன்னோடு சேர்ந்து அவளும் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி ராத்திரியாக உன்னைப் பாலிகிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்.

நான் ஏன் சைன் ஆன் செய்யவில்லை என்று நீ கேட்டதே இல்லை. பயத்தால் இல்லை, இரண்டாம் தடவை அந்தச் சோதனையில் நன்றாகவே தேறினேன். அப்போது தாத்தாவுக்கு டயாலிசிஸ், வீட்டில் ராத்திரி ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இப்போதும் சைரன் கேட்டால் எத்தனை வண்டி என்று எண்ணுகிறேன்.

சனிக்கிழமை காலைகளில் தீயணைப்பு நிலையங்களில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுச் சொல், ஹில் ஸ்திரீட் நிலையத்துக்கே போவோம், அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்தை அக்கா உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. அவளைக் கட்டாயம் கூட்டிவா. அதற்கு முன்னால் அவளுடைய அலமாரியில் நீலக் கோப்பு ஒன்று இருக்கும், உன் பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அதில்தான். கடைசியாக எப்போது இன்ஹேலர் வாங்கினீர்கள் என்று தேதியைப் பார்த்து எழுதி வை, ஃபாரத்தில் கேட்பார்கள்.

அன்புடன்,
மாமா