பெண்கள் ஒற்றையர் கோப்பைக்கு மரியாவின் பெயரைச் சூட்டுங்கள்

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1926-இல் லண்டனில் நடந்த முதல் உலகப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போட்டிக்கும் உங்கள் அமைப்புக்கும் நூற்றாண்டு வந்துவிட்டது. இன்னமும் பெண்கள் ஒற்றையர் சாம்பியன் ஏந்துவது கெய்ஸ்ட் கோப்பையைத்தான். 1931-இல் அதை வழங்கிய ஹங்கேரி சங்கத் தலைவரின் பெயர் அது. அதற்குள் மரியா நான்கு முறை அந்தப் பட்டத்தை வென்றிருந்தார். 1931-இல் புடாபெஸ்ட்டில், தன் சொந்த ஊரில், ஐந்தாவது முறையும் வென்றார். கோப்பை கொடுத்தவரை மதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆடி வென்றவரின் பெயரும் அதில் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பட்டங்களின் எண்ணிக்கை என்று பேச்சு வந்தால் எல்லோரும் அவர் நாட்டின் ஆண்கள் சாம்பியன் விக்டர் பார்னாவைத்தான் சொல்கிறார்கள். 22 உலகப் பட்டங்கள். மாபெரும் ஆட்டக்காரர், ஐயமே இல்லை. இந்தியாவில் ஆண்கள் அணிக்கான தேசியப் போட்டியே பார்னா-பெல்லக் கோப்பைக்காகத்தான் நடக்கிறது. மரியாவுக்கு 18 பட்டங்கள் என்பதால் அவர் பின்னால் நிற்கிறார். ஆனால் பார்னாவின் 22-இல் ஏழு, அணிப் போட்டியில் கிடைத்தவை. ஆண்களுக்கு அணிப் போட்டி முதல் ஆண்டிலிருந்தே இருந்தது. பெண்களுக்கோ 1933 டிசம்பரில் பாரிஸில்தான் அதைத் தொடங்கினீர்கள். அதற்கு முந்தைய ஏழு உலகப் போட்டிகளில் மரியா தன் நாட்டு அணிக்காக ஆட வழியே இருக்கவில்லை. அவரும் அன்னா ஷிபோஷும் சேர்ந்து 1930 முதல் 1935 வரை ஆண்டு தவறாமல் ஆறு முறை இரட்டையர் பட்டத்தை வென்ற ஜோடி. அவர்கள் இருவரும் இருந்த அணி அந்த ஆண்டுகளில் எத்தனை தங்கம் வென்றிருக்கும்! அணிப் பட்டங்களைக் கழித்துவிட்டால் பார்னாவுக்கு 15. மரியாவின் 18 குறையாமல் அப்படியே நிற்கிறது. ஆட வாய்ப்பே தராமல் இருந்துவிட்டு, பிறகு பட்டத்தை எண்ணி இரண்டாமிடத்தில் நிறுத்துவது நியாயமா?

உங்கள் ஏழு கோப்பைகளையும் பாருங்கள். ஸ்வேத்லிங், கார்பியோன், செயின்ட் பிரைட், கெய்ஸ்ட், ஈரான், போப், ஹெய்டுசெக். உங்கள் அமைப்பின் முதல் தலைவரின் தாயார் இருக்கிறார், சங்கத் தலைவர்கள் இருக்கிறார்கள், செயலாளர்கள் இருக்கிறார்கள், ஒரு நாடே இருக்கிறது. மட்டையைப் பிடித்து உலகப் பட்டம் வென்ற ஒருவர்கூட இல்லை. விளையாட்டுச் சங்கங்கள் எல்லா ஊர்களிலும் இப்படித்தான்: மேடையில் நாற்காலி நிர்வாகிக்கு, கீழே வரிசை ஆடுபவருக்கு. இதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது.

பழையதை எப்படி மாற்றுவது என்று கேட்காதீர்கள். 1937-இல் நேர வரம்பைக் காட்டி ரூத் ஆரன்ஸ், ட்ரூடி பிரிட்ஸி ஆடிய பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டியை நிறுத்தினீர்கள். பட்டம் யாருக்கும் தரப்படவில்லை. 2001-இல் இருவரையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தீர்கள். 64 ஆண்டு கழித்து ஒரு தவறைத் திருத்த உங்களால் முடிந்தது.

மரியா 1978-இல் காலமாகிவிட்டார். அவர் சார்பில் கேட்கிறேன்: பெண்கள் ஒற்றையர் கோப்பையின் பெயரில் மெட்னியான்ஸ்கியையும் சேருங்கள். இந்த நூற்றாண்டு நிறைவு ஆண்டிலேயே உங்கள் பொதுக்குழுவில் இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு டேபிள் டென்னிஸ் ரசிகர்