பச்சைச் சாறும் இரண்டு இட்லியும்

அன்புள்ள மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாத வெயில். அப்பச்சி பத்து மணிக்குமேல் முகப்பைத் தாண்டுவதில்லை.

வெள்ளிக்கிழமை படம் மட்டும் அனுப்பினாய், பேசவில்லை. வேலை இருந்திருக்கும், சரி. டம்ளர் நிறையப் பச்சைச் சாறு. டம்ளரைப் பிடித்திருந்த கையில் வளையல் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தது. அதை நான் கேட்கவில்லை. சாற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளரிக்காய் ஒன்று, ஒரு கை மல்லித்தழை, அதில் பாதி புதினா, கறிவேப்பிலை நாலு இலை, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி. இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்தால் போதும். வெள்ளரியை நறுக்கியதும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார். கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. சுரைக்காய்க்கும் அப்படித்தான், கசப்புச் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்து. எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழி, முன்னாலேயே பிழிந்து வைத்தால் பச்சை மங்கிப் பழுப்படிக்கும். வடிகட்டாதே, நார் எல்லாம் சக்கையோடு போய்விடும். பாலக் கீரையைத் தினமும் பச்சையாக அரைக்காதே. அப்பச்சிக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது பட்டபாடு உனக்குத் தெரியும், தகப்பன் உடம்புதான் உனக்கும். வாழைத்தண்டு கிடைத்தால் வில்லையாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு மோரில் போட்டு வை, கறுக்காது.

முக்கியமாக, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் குடி. சாறு சாறுதான், சாப்பாடு ஆகாது.

கீரை என்றாலே பட்டாலைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுத பெண் இன்று தானே அரைத்துக் குடிக்கிறாள் என்று அப்பச்சியிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர்கள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை சாப்பிடுகிறாளா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு போன் செய்ய உனக்கு அவ்வளவு நேரமா ஆகும்? சரி, விடு. இரண்டு இட்லி. முடியாவிட்டால் ஒன்றாவது.

தை மாதம் பெரியாத்தா வீட்டுக் கல்யாணத்தில் உன் சட்டைக் கொக்கி சேரவில்லை. வளவில் அத்தனை பேர் இருக்கும்போது, "இவளுக்குத் துணி எடுப்பதற்குப் பதில் ஜமுக்காளம் எடுத்திருக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அதனால் அது வேடிக்கையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். அன்று ராத்திரி பந்தியில் உன் இலையில் வெள்ளைப் பணியாரம் வைத்தது வைத்தபடி இருந்தது. எட்டுப் பணியாரம் தின்கிற பிள்ளை. பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இலையை மடித்து எடுத்துப் போட்டேன். வேறு யாராவது உன்னை அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சொன்னவள் நானாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முந்தாநாள் அந்தச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலத் துணி மடிந்து கிடந்தது. விட்டுத் தைத்து, கொக்கியையும் தள்ளி வைத்துவிட்டேன். கால்மணி நேர வேலைதான். அன்றைக்கே உட்கார்ந்து செய்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஆத்தா