பருவ நிறைவும் பூ நிறமிச் செய்முறையும்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவிலும் பேச்சுப் போட்டியிலும் மாணவர்கள் பரிசுகள் பெற்றார்கள். தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன.

ஒன்பதாம் வகுப்பினர் பூவிதழ்களின் நிறமிகளைக் கண்டறிந்த செய்முறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு அமிலம் பட்டதும் செக்கச்செவேலென்றும், சமையல் சோடா பட்டதும் பச்சையாகவும் மாறினால் அது ஆந்தோசயனின் என்னும் நிறமி. செண்டுமல்லியின் மஞ்சளோ நீரில் கரையாமல் அசிட்டோன் என்னும் கரைப்பானில் கரையும் கரோட்டினாய்டு வகை நிறமி. இச்சாறுகளை வடிதாளில் பொட்டாக வைத்து, தாளின் நுனியைக் கரைப்பானில் நிறுத்தி, நிறமி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்து எழுத வேண்டும்.

வீட்டுக்குச் சென்று திரும்பிய பதிவேடுகளில் பதினான்கில் அந்த மதிப்பு இரண்டு தசம இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தது. ஒரே சாற்றை வைத்தாலும் இத்தனை தாள்கள் அப்படி ஒத்துப்போவதில்லை. காகிதப்பூவில் இருப்பது ஆந்தோசயனின் என்ற தவறும் பலவற்றில் ஒரே வாக்கியமாக இருந்தது. அதில் இருப்பது பீட்டாலைன் என்னும் வேறு வகை நிறமி.

என்னை வருத்தியது வேறொரு பக்கம். ஒரு மாணவி தொடக்கக் கோட்டைப் பென்சிலால் போடாமல் பேனாவால் போட்டதில், மையே பிரிந்து மேலேறியிருக்கிறது. "செண்டுமல்லியில் நீலம் எப்படி வந்தது?" என்று அவர் எழுதியிருந்த வரி அழிக்கப்பட்டு, அதன்மேல் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் 'சரியான' விடை இருந்தது. அழிக்கப்பட்ட அந்த வரிக்குத்தான் ஆசிரியர் முழு மதிப்பெண் தரவிருந்தார்.

மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற கவலையில்தான் உதவியிருப்பீர்கள் என்பதை அறிவேன். ஆயினும், பிறர் எழுதிய அளவீடுகளுக்கு மதிப்பெண் கிடையாது. இனிப் பதிவேடுகள் ஆய்வகத்தை விட்டு வெளியே வரமாட்டா. அந்தப் பதினான்கு பேரும் அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் செய்முறையை மீண்டும் செய்வார்கள். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், ஒத்திகை என்று வீட்டில் முயலவும் வேண்டாம்.

விடியற்காலையிலேயே பூப்பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமுறைக்கும் அவ்வாறே அனுப்பிவையுங்கள். சாயம் ஏற்றிய கடைப்பூக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்