திவான் எந்த வாசல் வழியாக வந்தது?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மொழிபெயர்ப்பு பாதியைத் தாண்டிவிட்டது என்பதில் ரொம்பச் சந்தோஷம். திருவிதாங்கூர் திவானும், பிரெஞ்சில் சுங்கத்தைக் குறிக்கும் 'துவான்' என்பதும், ரஷ்ய மொழியில் சோபாவுக்குப் பெயரான 'திவான்' என்பதும் ஒரே சொல்தானா என்று கேட்டிருந்தாய். ஒரே சொல்தான்.

வேர் பழைய பாரசீகத்தின் 'திபி'. எழுத்து என்று பொருள். சுமேரியர் களிமண் பலகையைச் சொன்ன 'தூப்' என்ற சொல்தான் அக்காடியம், ஈலமியம் என்ற பண்டைய மேற்காசிய மொழிகள் வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். இன்றைய பாகிஸ்தானில் உள்ள அசோகனின் ஷாபாஸ்கர்ஹி கல்வெட்டில் அது 'திபி' என்றே இருக்கிறது, குஜராத்தின் கிர்நாரில் 'லிபி'. நாம் எழுதும் லிபியும் திவானும் உறவுக்காரர்கள் என்பது எனக்கு இன்னும் தித்திக்கிறது.

எழுத்து இருக்கும் இடம் திவான். கலீபா உமர் காலத்தில் (634–644) படைவீரர்களுக்குரிய உதவித்தொகைப் பதிவேட்டுக்கு இந்தப் பெயர் வழங்கியது. பிறகு பொருள் பக்கத்திலிருப்பதற்குத் தாவிக்கொண்டே போயிற்று: பதிவேடு, அதை வைத்திருக்கும் அலுவலகம், அங்கே அமரும் அதிகாரிகள், அவர்கள் கூடும் மண்டபம், மண்டபத்தின் சுவரோரம் போட்ட நீண்ட மெத்தை. ஒவ்வொரு மொழியும் தன் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டது.

மத்தியதரைக்கடல் வணிகர்கள் துறைமுகத்தில் சரக்கைப் பதிந்து வரி கட்ட வேண்டியிருந்தது. அதனால் இத்தாலியில் 'தொகானா', ஸ்பெயினில் 'அதுவானா', பிரான்சில் 'துவான்', மூன்றும் சுங்கம். ஸ்பானியச் சொல்லின் முதல் 'அ' அரபுச் சுட்டுச்சொல்லான 'அல்' என்பதன் மிச்சம். போர்த்துக்கீசியச் சுங்கமான 'அல்ஃபாந்தெகா'வை மட்டும் இதோடு சேர்த்துவிடாதே. அது வணிகர் தங்கும் விடுதியைக் குறித்த 'ஃபுந்துக்' என்ற வேறொரு அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலம் துருக்கிய ஓட்டோமான் அரசவையைக் குறிக்க இந்தச் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டது, பிறகுதான் மெத்தைக்கு மாற்றியது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் சுருட்டுப் புகைக்கும் கூடங்களுக்கும் அதே பெயர். ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் 1851இல் ஆடிய புகழ்பெற்ற சதுரங்க ஆட்டம் சிம்ப்சன் திவானில் நடந்தது. அங்கே 'சோபாவில் ஆடினார்கள்' என்று எழுதினால் ஆட்டமே கவிழ்ந்துவிடும்.

பாரசீகத்திலும் உருதுவிலும் ஒரு கவிஞரின் தொகுப்பும் திவான்தான். கஜல்களை அடிகளின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசைப்படுத்துவார்கள். பதிவேட்டின் பழைய பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கோதே 1819இல் வெளியிட்ட 'மேற்கு-கிழக்குத் திவான்' இந்தப் பொருளில்தான். மலாய் மொழியில் 'தேவான்' அவை, மண்டபம் இரண்டும். மலேசியாவின் மக்களவை 'தேவான் ரக்யாட்'. இந்தோனேசியாவில் பெரும்பாலும் மன்றம்.

நீ கவனமாக இருக்க வேண்டியது இந்தியில். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த 'தீவானி' என்பது வங்காளம், பீகார், ஒரிசாவின் வருவாய் உரிமை. நிலத் தகராறுகளும் அந்தத் துறையிடமே வந்ததால் 'தீவானி அதாலத்' உரிமையியல் நீதிமன்றமாயிற்று, குற்றவழக்கு 'ஃபௌஜ்தாரி'. ஆனால் காதலில் பித்தான பெண்ணும் இந்தியில் 'தீவானி'தான்! பித்தைக் குறிக்கும் அந்தச் சொல் வேறு, பாரசீகத்தில் பேய்க்குப் பெயரான 'தேவ்' என்பதிலிருந்து வந்தது. கணக்கர்கள் தமக்குள் முணுமுணுத்ததைக் கண்டு பாரசீக மன்னர் 'பித்தர்கள்' என்றார், அதுவே அலுவலகத்துக்குப் பெயரானது என்று அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் ஒரு கதையை எழுதிவைத்திருக்கிறார். சுவையான கதை, சொல்லாய்வாக எடுத்துக்கொள்ளாதே. பிரான்சின் வடமேற்கில் பேசப்படும் பிரெத்தோன் மொழிவழிக் கல்விக்காக 1977இல் அங்கே தொடங்கிய 'திவான்' பள்ளிகளுக்கும் இதோடு தொடர்பில்லை. பிரெத்தோனில் அது முளைவிடுதல்.

அகராதியில் முதல் பொருளை எடுத்து வைக்காமல் இந்த வரிசையில் பார். மூலநூல் எந்த ஆண்டு எழுதப்பட்டது? சொல் நேரே பாரசீகத்திலிருந்து வந்ததா, அரபு, துருக்கி, இத்தாலி வழியாகவா? வினை என்ன? திவானைக் கூட்டினால் அவை, திவானில் செலுத்தினால் சுங்கம், திவானைத் தொகுத்தால் கவிதை, திவானில் சாய்ந்தால் மெத்தை. பழைய துருக்கியப் பயணக்குறிப்புகளில்தான் சிக்கல். அவையும் மெத்தையும் ஒரே அறையில் இருப்பதால் வினையும் காப்பாற்றாது. முன்னும் பின்னும் இரண்டு பத்தியாவது படித்தாக வேண்டும்.

நீ குறிப்பிட்ட 'தீவானி' வரியை முழுப் பத்தியோடு அனுப்பு. பக்கத்தில் வழக்கு, வாதி, டிக்ரி என்று ஏதாவது இருந்தால் தயங்காமல் 'உரிமையியல்' என்று போட்டுவிடு.

அன்புடன்,
மாறன்