ஐசியூ சத்தம் குறித்து மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் கடலூரில் ஐசியூவில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வீட்டில் வந்து படுத்த பிறகும் மானிட்டர் அலாரம் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது. கூட வேலை பார்க்கும் சிஸ்டர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். தலைவலி, தூக்கமின்மை, வீட்டில் பிள்ளைகள் மீது காரணமில்லாத எரிச்சல். "நர்ஸ் வேலைன்னா அப்படித்தான்" என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றியுள்ள அமைதிப் பகுதியில் பகலில் 50 டெசிபல், இரவில் 40தான் அனுமதி. ஹாரன் அடிக்காதீர்கள் என்று வாசலில் போர்டும் வைத்திருக்கிறோம். ஆனால் எங்களை வாட்டும் சத்தம் உள்ளேயே உண்டாகிறது. வார்டுக்குள் இரவில் 30 டெசிபல் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60 வந்துவிடும்.

காது கெட வேண்டுமானால் 85 டெசிபலில் தினமும் 8 மணி நேரம் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். எலும்பு அறுக்கும் ரம்பம் ஓடும் ஆர்த்தோ தியேட்டரை விட்டால் அந்த அளவுக்குச் சத்தம் இல்லைதான். ஆனால் காது கெடுவதற்கு முன்பே உடம்பு தாங்காமல் போகிறது. திடீர்ச் சத்தம் கேட்டதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. இது ராத்திரி முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்று மருத்துவம் படித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள ஒருவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று டாக்டர் எழுதுகிறார். மானிட்டரின் அலாரம் வரம்போ எல்லோருக்கும் போல 90-லேயே நிற்கிறது. 89-க்கு இறங்கும்போதெல்லாம் அது அலறுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பக்கத்துப் பெட்டில் விரலிலிருந்து ஆக்சிஜன் அளக்கும் புரோப் நழுவியதற்கும் அலாரம்தான். இப்படிப் பொய் அலாரம் கேட்டுக் கேட்டு, நிஜமானது அடிக்கும்போது கால் தாமதமாக எழும்புகிறது. அந்தத் தாமதத்தை நினைத்தால்தான் எங்களுக்குப் பயம். அது நர்ஸின் அலட்சியம் அல்ல. அலாரம் சோர்வு என்று மருத்துவ உலகமே ஒத்துக்கொண்ட விஷயம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ப அலாரம் வரம்பை மாற்ற எங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள், ரவுண்ட்ஸில் டாக்டர்கள் அதைச் சரிபார்க்கட்டும். கிறீச்சிடும் டிராலி சக்கரங்களை மாற்றச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வார்டு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். நைட் டூட்டியில் கொஞ்ச நேரம் உட்கார அலாரம் கேட்காத ஓர் அறை வேண்டும், அந்த நேரத்துக்கு மாற்று ஆளும் வேண்டும். ஆள் இல்லாமல் அறை மட்டும் கொடுத்தால் அது பூட்டியேதான் கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கடலூர்